விடுமுறைக்கு முந்தைய வாரம்: ஓர் ஆசிரியையின் தேய்மானம் பற்றிய முதற்கட்ட ஆய்வு

வாரத்துக்கு ஏழு நாள் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் ஆசிரியர்கள். அது பொய் என்று டிசம்பர் மாதத்தில் முதலில் கண்டுகொள்பவர்களும் அவர்கள்தான். அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் திங்கட்கிழமை மட்டுமே ஏறக்குறைய மூன்று நாள் இருக்கிறது. புதன்கிழமை முடிவதற்குள் இரண்டு சிவப்புப் பேனா தீர்ந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பிறகு சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதில்லை என்று களத்திலிருந்து தொடர்ந்து தகவல் வருகிறது. பஞ்சாங்கம் கணிப்பவர்கள் இந்த வாரத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இந்த ஆய்வு.

ஆய்வுக் களம், காவிரிக் கடைமடையில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. மாதிரி அளவு: ஒன்று. அவர் ஏழாம் வகுப்பின் வகுப்பாசிரியை; ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் தமிழும் ஆங்கிலமும் எடுப்பவர். ஒரே ஆளை வைத்துக்கொண்டு ஆய்வா என்று முகம் சுளிப்பவர்கள் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியரை நினைத்துக்கொள்ள வேண்டும். மறதியைப் பற்றி 1885-இல் அவர் வெளியிட்ட நூலை இன்றும் உளவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அவர் ஆராய்ந்த ஆள் ஒருவர்தான். அதுவும் அவரேதான்.

ஆய்வு நெறி கருதி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்குரியவருக்கும் ஆய்வாளருக்கும் பல ஆண்டுகளுக்கு முன் திருமணம் நடந்திருக்கிறது. இதனால் தரவுகள் இரவு பத்து மணிக்கும் கிடைத்தன. சில தரவுகள் கேட்காமலே கிடைத்தன. நடுநிலைமை கெட்டிருக்குமோ என்று ஐயப்படுபவர்கள், விடைத்தாள் கட்டுகளைச் சணலால் கட்டும் வேலை ஆய்வாளர் தலையில் விழுந்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் சட்டம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின்னிணைப்பாக ஓர் அட்டவணை உண்டு. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலைநாள், 1,000 மணி நேரக் கற்பித்தல் என்கிறது அது. ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேர வேலை; வீட்டில் உட்கார்ந்து பாடம் தயாரிப்பதும் அதற்குள் அடக்கம். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். அறிவியலுக்கும் கணக்குக்கும் ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். அந்த ‘மொழிகள்’ என்ற பன்மை விகுதிக்குள் தமிழும் ஆங்கிலமும் ஒரே தோளில் ஏறிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்பதைச் சட்டம் எழுதியவர்கள் கவனித்தார்களா என்று தெரியவில்லை. மூன்று வகுப்பு, வகுப்புக்கு 35 பேர், ஆளுக்கு இரண்டு தாள்: மொத்தம் 210 விடைத்தாள். ஒரு தாளுக்கு ஆறு நிமிடம் என்று கறாராக வைத்துக்கொண்டாலும் 1,260 நிமிடம். அதாவது 21 மணி நேரம். இந்த 21 மணி நேரத்தை எந்த வாரத்தின் 45 மணிக்குள் நுழைப்பது? அட்டவணை மௌனம் சாதிக்கிறது. ஆகவே அது வழக்கப்படி விடுமுறைக்குள் போய் விழுகிறது.

அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்று தவிர வேறு எந்தக் கல்விசாரா வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. மூன்றே மூன்றுதான். ஆனால் ஜனவரி 1-ஐத் தகுதி நாளாகக் கொண்ட வாக்காளர் பட்டியல் வேலை நவம்பர், டிசம்பரில்தான் சூடு பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான் வெள்ளம் கொண்டுவரும். மூன்று விலக்குகளில் இரண்டு அரையாண்டுத் தேர்வோடு கைகோத்துக்கொண்டு வருகின்றன. கணக்கு சார் வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் படிவக் கட்டோடு தெருத்தெருவாகப் போய்விட்டதால், அவருடைய எட்டாம் வகுப்பும் ஆய்வுக்குரியவரின் ஏழாம் வகுப்போடு ஒரே அறையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பெஞ்சுக்கு நான்கு பேர் என்பது ஆறாயிற்று.

இனி, கேள்வி.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பிலிப் ஜாக்சன், தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் உட்கார்ந்து பார்த்து 1968-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஓர் ஆசிரியர் ஒரே நாளில் பிள்ளைகளோடு ஆயிரம் தடவை வரைக்கும் பேச்சுக் கொடுத்து வாங்குகிறார் என்பது அவர் கண்டது. ஆயிரம் என்பது பெரிய எண்தான். ஆனால் விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் எண்ணிக்கை பிரச்சினையே இல்லை. ஆயிரமும் ஒரே கேள்வியாக இருப்பதுதான் பிரச்சினை.

“டீச்சர், லீவு எப்ப டீச்சர் விடுவாங்க?”

இக்கேள்வியின் அமைப்பு ஆராயத்தக்கது. ‘டீச்சர்’ என்ற விளி முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று. அவசரமானால் கடைசியிலும் ஒன்று சேரும். நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. அது ஆசிரியர் மாணவரிடம் கேட்பது என்றுதான் இலக்கண வகுப்பில் எடுத்துக்காட்டுச் சொல்வார்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் இது தலைகீழாகிவிடுகிறது. விடுமுறை என்றைக்கு என்று 35 பேருக்கும் தெரியும். தேர்வு அட்டவணையை முதல் நாளே மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். மனப்பாடப் பகுதியைத்தான் செய்யவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, டீச்சருக்கும் தெரியுமா என்று சோதிக்கிறார்கள்.

மற்ற ஐந்து வகைகளும் களத்தில் கிடைத்தன. “லீவு இருபத்தி நாலுலேருந்தா, இருபத்தி மூணு மத்தியானத்துலேருந்தா டீச்சர்?” என்பது ஐய வினா. “எங்க அம்மா கேக்கச் சொன்னாங்க டீச்சர், திருப்பூர் பஸ்சுக்கு டிக்கெட் போடணுமாம்” என்பது தாயாரை முன்னிறுத்தும் கொளல் வினா. “டீச்சர், லீவுக்கு உங்களுக்கு எங்க வீட்டு முருங்கக்கா கொண்டாந்து தரவா டீச்சர்?” என்பது கொடை வினா, இதற்குப் பின்னால் வீட்டுப்பாடத்தைக் குறைக்கச் சொல்லும் விண்ணப்பம் ஒளிந்திருக்கும். “எட்டாவதுக்கெல்லாம் இன்னிக்கே பையக் கட்டச் சொல்லிட்டாங்களாமே டீச்சர்?” என்பது ஏவல் வினா. எட்டாவது அதே அறையில், அடுத்த பெஞ்சில், பையைக் கட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. உண்மையான அறியா வினா ஒன்றே ஒன்றுதான் பதிவாயிற்று. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை கேட்டது: “லீவுல சத்துணவு போடுவாங்களா டீச்சர்?” அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஆய்வுக்குரியவர் உடனே பதில் சொல்லவில்லை என்று ஆய்வுக் குறிப்பேட்டில் உள்ளது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இதைச் சொன்னபோதும் அவர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

விடைக்கும் அதே இலக்கணம் எட்டு வகை சொல்கிறது. தமிழாசிரியை என்பதால் ஆய்வுக்குரியவர் எட்டையும் முறைப்படி கையாண்டார். திங்கட்கிழமை காலை நேர்விடை: “வெள்ளிக்கிழமை சாயங்காலம்.” மதியம் மறைவிடை: “தெரியாது.” செவ்வாய் ஏவல் விடை: “நீயே போய் ஹெச்.எம். சார்கிட்டக் கேளு.” அன்று மாலையே வினா எதிர் வினாதல்: “விட்டா சொல்லாம இருப்பேனா?” பிறகு இனமொழி: “வியாழக்கிழம இங்கிலீஷ் பரீட்ச இருக்கு.” உறுவது கூறல்: “இன்னொரு வாட்டி கேட்டா எனக்குத் தொண்ட வலிக்கும்.” புதன் பிற்பகலில் அது உற்றது உரைத்தலாகக் கனிந்தது: “தொண்ட வலிக்குது.” வியாழன் முதல் சுட்டு விடை மட்டும். பேச்சே கிடையாது, சுவரில் தொங்கும் நாட்காட்டியை நோக்கி ஒரு விரல் நீளும். ஏழு வகைகளும் தீர்ந்து விரல் மட்டும் மிஞ்சும் இந்த நான்கு நாள் பயணத்தை உரையாசிரியர்கள் யாரும் எழுதி வைக்கவில்லை.

தொண்டை என்ற உறுப்புக்குத் தனி அறிவியல் இருக்கிறது. எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் ஒரு விஷயத்தை எழுதி வெளியிட்டார். சுற்றிலும் இரைச்சல் கூடினால், பேசுகிறவரின் குரலும் அவரை அறியாமலே கூடுகிறது. அவர் பெயராலேயே அதை இன்றும் அழைக்கிறார்கள். ஓட்டுக் கூரை, தகரக் கதவு, இரண்டு வகுப்பு சேர்ந்து எழுபது பிள்ளைகள் உள்ள அறையில் இது இரண்டு பக்கமும் வேலை செய்யும். பிள்ளைகள் சத்தம் கூடுவதால் டீச்சர் குரல் ஏறும். டீச்சர் குரல் ஏறுவதால் அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் குரல் ஏறும். கடைசியில் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலில் வந்து நிற்கும். அந்த வாரத்தில் வீட்டில் மிளகு டப்பா இரண்டு முறை நிரப்பப்பட்டது. ஆய்வில் அளந்து பார்க்க முடிந்த ஒரே அளவை இதுதான்.

ஏன் கடைசி நாட்களில் சத்தம் கூடுகிறது என்பதற்கு விடை எலிகளிடம் இருக்கிறது. கிளார்க் ஹல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1930-களில் எலிகளை நேரான ஓடுபாதையில் ஓடவிட்டுப் பார்த்தார். எதிர் முனையில் தீனி. தீனி நெருங்க நெருங்க எலியின் வேகம் கூடியது. இலக்கு நெருங்கினால் முயற்சி கூடும் என்று இதற்கு விளக்கம் சொன்னார். ஹல் மிகக் கெட்டிக்காரர். ஆனால் ஒன்றைச் செய்யவில்லை. ஓடுபாதையின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, அதில் ஓர் ஆளை உட்கார வைத்து, ‘யாரும் ஓடக் கூடாது, கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க’ என்று எலிகளிடம் சொல்லவைத்து, அந்த ஆளின் நாடித்துடிப்பை அளக்கவில்லை.

கடைமடைப் பகுதியில் இதோடு வானமும் சேர்ந்துகொள்கிறது. டிசம்பரில் சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் மேகம் கறுக்கும். கறுத்தால் உழவர் வயலைப் பார்ப்பார், பிள்ளைகள் மாவட்ட ஆட்சியரை நினைப்பார்கள். மழை விடுமுறை அறிவிக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு என்பதால், அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு முதலமைச்சருக்கு அடுத்து நன்றாகத் தெரிந்த பெயர் அவருடையதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போயிற்று. அதே மாதம் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பெரியவர்களுக்கு அது பேரிடர். ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் அது ஒரு முன்னுதாரணம். அன்றிலிருந்து தூறல் விழுந்தாலே, “தேர்வு தள்ளிப் போகுமா டீச்சர்” என்ற துணை வினா கிளம்புகிறது. மழைக்கு விட்ட நாளைச் சனிக்கிழமையில் ஈடுகட்டவேண்டும் என்ற செய்தி பிள்ளைகளுக்குத் தெரியாது. டீச்சருக்குத் தெரியும். மேகத்தைப் பார்த்து அவர் மட்டும் மகிழாததற்கு அது ஒன்றே காரணம்.

இத்தனையும் துணைக் காரணங்களே. தேய்மானத்தின் ஆணிவேர் வேறிடத்தில் இருக்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதினார். பெட்டி தூக்குவதும் தட்டு எடுப்பதும் மட்டும் அவர்கள் வேலை இல்லை. உள்ளே என்ன இருந்தாலும் முகத்தில் சிரிப்பை வைத்திருப்பதும் சம்பளத்துக்குச் செய்யும் உழைப்புதான் என்றார். ஆசிரியை விஷயத்தில் இது தலைகீழ். பள்ளிக்கூடத்தில் விடுமுறை வருவது எல்லாருக்கும் தெரியும். சத்துணவு அக்கா மீதி முட்டையை எண்ணி வைத்துவிட்டார். ஹெச்.எம். சார் அலமாரிச் சாவியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். வராந்தாவில் தினமும் வந்து படுக்கும் ஆடுகூட வழக்கத்தை விட நீட்டிப் படுக்கிறது. விடுமுறை என்று ஒன்று இந்த உலகத்தில் இல்லவே இல்லை, வரும் திங்கள் மற்ற திங்கள் போலத்தான் என்று ஐந்து நாளும் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே ஜீவன் டீச்சர். விமானப் பணிப்பெண் சிரிக்கவேண்டும், இவர் சிரித்துவிடக் கூடாது. சிரித்தால் அந்த நொடியே வகுப்பு முடிந்தது.

புதன்கிழமை இரண்டாவது பீரியடில் ஒரு நிகழ்வு பதிவாகியிருக்கிறது. பிள்ளைகள் திருப்புதல் எழுதிக்கொண்டிருந்தார்கள். எப்போதோ ஒருமுறை மட்டும் அமையும் அமைதி. ஆய்வுக்குரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் இருந்த பாடத்திட்ட நோட்டின் பின்னட்டையில் இருந்த நாட்காட்டியைச் சும்மா பார்த்தார். பேனா முனை தானாக நகர்ந்தது. புதன், வியாழன், வெள்ளி. முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல், மிகவும் மரியாதையாக:

“டீச்சர், நீங்களும் எண்றீங்களா டீச்சர்?”

நோட்டு மூடப்பட்டது. “கேள்வி எண் பதினாலு எழுதிட்டியா?” என்று வினா எதிர் வினாதல் நிகழ்ந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. அறை முழுவதும் ஒரு சிரிப்பு ஓடியது. அதை அடக்க அன்று மாலை நாலு மணி வரைக்கும் ஆயிற்று.

வேலைகளின் பட்டியலை இங்கே விரிவாகத் தரவேண்டிய அவசியம் இல்லை. படிப்பவருக்கும் களைப்பு வரும். ஆறு, ஏழு வகுப்புகளில் ஆண்டு மூன்று பருவமாகப் பிரிந்திருக்கிறது. மதிப்பெண் நூறில் எழுத்துத் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. மீதி 40 வளரறி மதிப்பீடு. அதில் செயல்பாட்டுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. இந்தப் பருவத்துக்கான தமிழ்ச் செயல்பாடு, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பத்துப் பழமொழி சேகரித்து வருவது. அக்டோபரில் சொன்னது. திங்கட்கிழமை மாலை கடைசிக் கெடு. செவ்வாய்க்கிழமை 35 நோட்டும் வந்தன. முப்பத்தைந்திலும் அதே பத்துப் பழமொழி, அதே வரிசை, ஏழாவது பழமொழியில் அதே எழுத்துப்பிழை. ஊரில் பெரியவர் ஒருவர்தான் இருக்கிறார் போலும் என்று டீச்சர் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை.

மதிப்பெண்ணை எழுதினால் போதாது, ஏற்றவும் வேண்டும். கல்வித் துறையின் எமிஸ் இணையதளம் இப்போது ஆசிரியர் பேச்சில் வினைச்சொல்லாகிவிட்டது. “எமிஸ் போட்டாச்சா?” என்பது ஓய்வறையில் “சாப்டாச்சா?”வுக்கு முன்னால் வரும் விசாரிப்பு. பள்ளியில் சிக்னல் கிடைக்கும் இடம் வேப்பமரத்தின் கிழக்குப் பக்கம். அங்கே மூன்று ஆசிரியர்கள் செல்போனை நெற்றி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்த ஒரு மூதாட்டி, கிரகணமா என்று கேட்டதாக ஒரு வாய்மொழித் தகவல். உறுதிப்படுத்த முடியவில்லை.

வியாழன் பிற்பகல் மூன்றாம் பருவப் புத்தகங்கள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கின. இறக்க ஆள் வேண்டும் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பதினெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். அதில் நான்கு பேர் காலையில் வயிற்றுவலி என்று பெஞ்சில் படுத்திருந்தவர்கள். புத்தகம் ஜனவரியில் பள்ளி திறந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் ஒழுகாத மூலையில் அடுக்கி, இரண்டு தடவை எண்ணி, தார்ப்பாய் போட்டு மூடவேண்டும். அடுக்கும் சாக்கில் ஒருத்தி ஒரு புத்தகத்தை நடுவில் பிரித்து முகத்தை உள்ளே வைத்து முகர்ந்துகொண்டு நின்றாள். டீச்சர் பார்த்தும் பார்க்காதது மாதிரி எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அப்படித்தான் எண்ணிக்கை தவறி மூன்றாம் முறையும் எண்ணவேண்டி வந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே ஆசிரியர் இலக்கணம் சொல்லிவிட்டுத்தான் எழுத்துக்கு வருகிறார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவை உவமை. ஆசிரியர் ஆகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு. இந்த நான்கும் நான்கு வகை ஆட்கள் என்றே இதுவரை எல்லாரும் பொருள் கொண்டு வந்திருக்கிறார்கள். இந்த ஆய்வின் முடிவு வேறு. அவை நான்கு ஆட்கள் இல்லை, ஒரே ஆளின் நான்கு நாட்கள். கழற்சிக்காயைக் குடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாலும் கொட்டும்போது வரிசை மாறிக் கொட்டும். திங்கட்கிழமை முழுப் பருவத்தையும் ஒரே மூச்சில் திருப்பும்போது அணியிலக்கணம் கடிதத்துக்கு முன்னால் வந்து விழுவது அந்த வகை. மடற்பனையில் ஏற முடியாது, அதுவாக உதிர்த்தால்தான் பழம். செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் யாரும் நெருங்காதது இதனால். பஞ்சடைத்த குண்டிகையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். அது புதன்கிழமைத் தொண்டை. முடத்தெங்கு, தண்ணீர் ஊற்றுகிறவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் கொல்லையில். வியாழனன்று எட்டாம் வகுப்பையும் சேர்த்துக் கட்டி மேய்த்தது அந்தக் கதை.

வெள்ளிக்கிழமைக்கு முனிவர் உவமை சொல்லவில்லை. அவர் காலத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா கிடையாது.

அந்த ஒரு நாள் மட்டும் ஆய்வாளர் களத்துக்கு நேரில் போக நேர்ந்தது. ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுமந்து வர ஆள் வேண்டும் என்று காலையில் உத்தரவு வந்ததே காரணம். கடைசித் தேர்வு பன்னிரண்டரைக்கு முடிந்தது. இரண்டு மணிக்கு விழா. தாத்தா வேடம் எட்டாம் வகுப்பு நெட்டைப் பையனுக்கு. சிவப்பு அங்கிக்கு, முன்பு யாரோ ஒரு விருந்தினருக்குப் போர்த்தி அவர் மறந்துவிட்டுப் போன சால்வை. தாடிக்கு முதலுதவிப் பெட்டியின் பஞ்சு முழுவதும் போயிற்று. அது சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்ததால், தாத்தா மேடை ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் பாதித் தாடி கழன்று சால்வையில் தொங்கியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வீறிட்டு அழுதது. தாத்தா தன் குரலில், “ஏய் அழாதடா, நான்தான்டா உங்க அண்ணன்” என்றார். அழுகை இரண்டு மடங்காயிற்று. நான்கு மணிக்கு மணி அடித்தபோது, அந்த வாரம் முழுவதும் ஆயிரக்கணக்கில் கேட்கப்பட்ட வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதால், திரும்பிப் பார்க்காமல் எல்லாரும் ஓடினார்கள். மைதானத்தில் ஆரஞ்சு மிட்டாய்த் தாள்களும் ஒரு ஒற்றைச் செருப்பும் மிஞ்சின. செருப்பை எடுத்து வராந்தா ஜன்னலில் வைத்துவிட்டு டீச்சர் விடைத்தாள் பையைத் தூக்கினார்.

பேருந்தில் நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: “லீவு விட்டாச்சா டீச்சர்? இனிமே உங்களுக்கென்ன, பத்து நாள் ஜாலிதான்.” அன்று மாலை தொடங்கி மறுநாள் இரவு வரை ‘உங்களுக்கென்ன’ என்ற தொடர் நடத்துநர், பால்காரர், மாமியார், இரண்டு சம்பந்தி வீடுகள், எதிர்வீட்டு வங்கி ஊழியர் ஆகியோரால் சொல்லப்பட்டது. இதற்கு நன்னூலில் வகை இல்லை. வினா உருவில் வரும் தீர்ப்பு என்று கொள்ளலாம்.

தீர்ப்பு சொன்னவர்கள் ஒன்றைப் பார்க்கவில்லை. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஆட் விங்கர்ஹூட்ஸ் தன் சகாக்களோடு 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வேலை நாட்களில் நன்றாக இருந்துவிட்டு வார இறுதியிலும் விடுமுறையிலும் படுத்துவிடுகிறவர்களைப் பற்றியது. இதற்கு ஓய்வு நோய் என்று பெயர் வைத்தார். அப்படிப் படுப்பவர்கள் சிறு பகுதியினர்தான் என்றும் கண்டார். அந்தச் சிறு பகுதியில் ஒருவர் கடைமடையில் இருக்கிறார். விடுமுறையின் முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, அலாரம் வைக்காமலே விழித்து, எழுந்து உட்கார்ந்து, பேச வாய் திறந்து, குரல் இல்லை என்று கண்டு, நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் கொதிக்கிறது.

இதில் ஒரு நிர்வாக நுட்பமும் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்குத் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். எடுக்காதது டிசம்பர் 31-ஓடு காலாவதி. ஆய்வுக்குரியவர் கணக்கில் நான்கு நாள் மீதி இருந்தது. தேர்வு நேரத்தில் எப்படி எடுப்பது என்று விட்டுவைத்தது. இப்போது காய்ச்சல் வந்துவிட்டது, விடுப்பும் இருக்கிறது. ஆனால் விடுமுறை நாளுக்கு விடுப்பு எடுக்க முடியாது. காய்ச்சல் இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் செல்லுபடியாகியிருக்கும்.

மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்ததும் திண்ணையில் விடைத்தாள் கட்டு பிரிந்தது. சைகை மொழியில், மதிப்பெண் கூட்டும் பொறுப்பு ஆய்வாளருக்கு வழங்கப்பட்டது. கூட்டுகிறவர் கேள்விக்குப் போட்ட மதிப்பெண்ணில் தலையிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. நிபந்தனைக்குக் காரணம் உண்டு. ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1913-இல் ஒரே ஒரு வடிவியல் விடைத்தாளைப் படியெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட கணக்கு ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். ஒருவர் 28 போட்டிருந்தார், இன்னொருவர் 95. கணக்கிலேயே அப்படி என்றால் கடிதத்துக்கு என்ன கதி என்று ஆய்வாளர் முன்பொரு முறை வாய்விட்டுச் சொன்னதன் விளைவுதான் அந்த நிபந்தனை.

ஏழாம் வகுப்புத் தமிழ், இருபத்தோராவது தாள். விடுப்பு விண்ணப்பம், ஐந்து மதிப்பெண். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா என்ற விளி, இடம், நாள், இப்படிக்கு என்று எல்லாம் அதனதன் இடத்தில் அழகாக இருந்தன. காய்ச்சலாக இருப்பதால் டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை தனக்கு விடுப்பு அளிக்குமாறு பையன் பணிவுடன் கேட்டிருந்தான்.

டீச்சர் படித்தார். பேனாவை மூடினார். திறந்தார். விடுமுறை நாளுக்கு விடுப்புக் கேட்பது பொருட்பிழை. வழக்கமாக ஒன்றரை குறையும். ஆய்வாளர் நிபந்தனையை மீறாமல் வேறு பக்கம் பார்த்தார். உள்ளே மிளகுப் பால் பொங்கும் சத்தம் கேட்டது. டீச்சர் தொண்டையைச் செருமினார், ஒன்றும் வரவில்லை. விண்ணப்பத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஐந்துக்கு ஐந்து போட்டார். கீழே, பழக்கதோஷத்தில், ‘அனுமதிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.